பெட்டிக்குள் வராத புல்லட்

கார் மாதிரி செய்பவருக்கு ஒரு வசதி உண்டு. பானெட்டை மூடி ஒட்டிவிட்டால், உள்ளே எஞ்சின் இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. மோட்டார் சைக்கிளில் அப்படித் தப்பிக்க முடியாது. எஞ்சின், கார்புரேட்டர், செயின், கேபிள், ஸ்போக் கம்பி, சைலன்சர் எல்லாம் வெளியே தெரிகின்றன. வண்டியின் உறுப்புகளே அதன் உருவம். பிளாஸ்டிக் கிட் வாங்கிக் கட்டும் பொழுதுபோக்கில் மோட்டார் சைக்கிள் ஒரு தனிப் பிரிவாக நிற்பதற்குக் காரணம் இதுதான். பெரிய அளவில் கட்டும்போது இது கைவேலையைவிடக் கண்ணைச் சோதிக்கும் வேலையாகிவிடுகிறது.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உட்கார்ந்துகொண்டு ஒருவர் இந்த வேலையை உருப்படியாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால், அவர் கட்டும் பெட்டிக்குள் ஏன் எப்போதும் ஹோண்டாவும் டுகாட்டியுமே இருக்கின்றன? நெடுஞ்சாலையில் நாள்தோறும் அவரைக் கடந்துபோகும் வண்டிகள் ஏன் இல்லை? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் அளவுக் கணக்கு. 1/12 என்றால் நிஜ வண்டியின் ஒவ்வொரு நீளமும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும். ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அது 1/12-ல் 18 சென்டிமீட்டர் இருக்கும், 1/6-ல் 36 சென்டிமீட்டர், 1/4-ல் அரை மீட்டருக்கு மேல். 1/9-லிருந்து மேலே போவதைத்தான் பெரிய அளவு என்கிறார்கள். நிஜ ஸ்போக் கம்பியின் கனம் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். 1/12-ல் அது 0.3 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக வார்ப்பது கடினம், வார்த்தாலும் கை பட்டதும் ஒடியும். அதனால் சிறிய அளவு கிட்டில் ஸ்போக் எப்போதும் கொஞ்சம் பருமன், பார்ப்பவரும் அதைப் பொறுத்துக்கொள்கிறார். 1/6-ல் அந்தச் சாக்கு செல்லாது. கம்பி சரியான கனத்தில் இருக்கலாம் என்றானதும், ஹப்பில் அதன் கொக்கி எங்கே மாட்டுகிறது, எந்தக் கம்பி எதற்கு மேலே குறுக்கிடுகிறது, ரிம்மில் நிப்பிள் தெரிகிறதா என்ற கேள்விகள் வரிசையாக வந்துவிடும். சிறிய அளவில் மன்னிக்கப்படும் பொய் பெரிய அளவில் அகப்பட்டுக்கொள்ளும்.

பெரிய அளவு மோட்டார் சைக்கிள் கிட் தொழிலின் வேர் இத்தாலியிலும் ஜப்பானிலும் இருக்கிறது. இத்தாலியப் பந்தய வீரர் டார்குவினியோ புரொவினி 1957-ல் 125 சிசி பிரிவிலும் 1958-ல் 250 சிசி பிரிவிலும் உலகப் பட்டம் வென்றவர். 1966-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் விழுந்து பலத்த காயம்பட்டதோடு அவருடைய ஓட்டம் முடிந்தது. பெயரையும் குடும்பப் பெயரையும் வெட்டி ஒட்டி 'புரோட்டார்' என்று பெயர் வைத்து அவர் நடத்திய நிறுவனம் 1/9 அளவுப் பந்தய வண்டி கிட்டுகளுக்குப் பேர்போனது. ஓட்டியவரே மாதிரியையும் செய்ய வைத்ததால், எந்தக் கேபிள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தப் பெட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அச்சுகள் பல இப்போது இத்தாலேரியின் பெயரில் மறுபடி வருகின்றன.

ஜப்பானின் டாமியா 1946-ல் ஷிசுவோகா நகரில் மரக்கடையாகத் தொடங்கியது. கோயில் கட்ட வந்து தங்கிய தச்சர்களின் மரவேலை மரபு அந்த ஊருக்கு உண்டு. மர பொம்மைகள் செய்த நிறுவனம் 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அதன் 1/6 வரிசையில் ஹோண்டா சிபி 750 முதல் ஆப்பிரிக்கா ட்வின் வரை வந்துவிட்டன. இன்று சீனாவின் மெங் நிறுவனம் 1/9 அளவில் பிஎம்டபிள்யூ வண்டிகளை நிறம் ஏற்றிய பாகங்களோடேயே தருகிறது. பிரிட்டனின் ஹார்ன்பி வாங்கிய பழைய இத்தாலியப் பெயரான போச்சர், 1/4 அளவில் டுகாட்டியை உலோகப் பாகங்களும் ஸ்க்ரூக்களுமாக விற்கிறது. இந்தக் கடைசி வகை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நிறமும் ஏற்றி, திருகுவதற்கு ஓட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டால் கட்டுபவருக்கு மிஞ்சுவது ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் வேலைதான்.

டாமியாவைப் பற்றி ஒரு கதை உண்டு. 1970களில் 1/12 அளவில் ஒரு போர்ஷே செய்ய முற்பட்டபோது, நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். மாதிரி உலகில் இதை வியந்து வியந்து சொல்வார்கள். நம் ஊர் மெக்கானிக் ஷெட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். விழுப்புரம் நேருஜி சாலையிலிருந்து பிரியும் எந்தத் தெருவிலும், திண்டிவனத்தில் பைபாஸ் பக்கம் போகும் வழியிலும், காலை பத்து மணிக்கு ஒரு புல்லட்டோ டிவிஎஸ் எக்ஸ்எல்லோ தரையில் பிரிந்து கிடக்கும். ஹெட்டைக் கழற்றி சாக்கில் வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு தட்டில் வால்வும் ராக்கரும் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்.

பெரிய அளவு மாதிரி கட்டுபவருக்கு முதலில் வேண்டியது பசையோ பெயின்ட்டோ அல்ல. இந்தக் காட்சிதான் வேண்டும். வெளிநாட்டு ஆர்வலர்கள் ஒரு கார்புரேட்டரின் இடப்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் படம் படமாகத் தேடுகிறார்கள். இங்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். கிளட்ச் கேபிள் ஹாண்டில்பாரிலிருந்து இறங்கும்போது எங்கே வளைகிறது, எந்த இடத்தில் ஃபிரேமில் உரசி அதன் கறுப்பு உறை வெளுத்திருக்கிறது, கிக்கர் ரப்பர் எந்தப் பக்கம் தேய்கிறது என்பதெல்லாம் கண்முன்னே இருக்கும். கிட்டின் குறிப்புத்தாள் கேபிளின் இரு முனைகளைச் சொல்லும், நடுவே அது எப்படித் தொங்கும் என்பதைச் சொல்லாது. பெரும்பாலான மாதிரிகள் தோற்பது அந்த நடுப்பகுதியில்தான். நீளம் கூடிப்போன கேபிள் வண்டியைப் பொம்மையாக்கிவிடும்.

எஞ்சின் பிளாக்கின் துடுப்புகளிடம் சற்று நின்று பேச வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அவைதான் முகம். அச்சிலிருந்து பிளாஸ்டிக் பாகம் சிக்காமல் வெளியே வர வேண்டுமென்றால், துடுப்பு அடியில் தடித்து நுனியில் மெலிந்திருக்க வேண்டும். தவிர, சிலிண்டரை இடம் வலமென்று இரு பாதியாக வார்த்தால் ஒட்டும்போது அந்தக் கோடு ஒவ்வொரு துடுப்பையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். துடுப்புக்குத் துடுப்பு உப்புத்தாளை மடித்து நுழைத்துத் தேய்ப்பது பொறுமை உள்ளவர்களையே எரிச்சலூட்டும் வேலை. வேறொரு வழியும் உண்டு. மெல்லிய பாலிஸ்டைரீன் தகடுகளைத் துடுப்பின் வடிவில் வெட்டி, இடையிடையே சிறிய தகடுகளை வைத்து அடுக்கி, பிளாக்கையே புதிதாகக் கட்டுவது. 1/6 அளவில் இதைச் செய்தால் கிடைக்கும் கூர்மையை எந்த அச்சும் தராது. வட்ட மூலைகள் எல்லாத் தகட்டிலும் ஒன்றுபோல வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. தகடுகளைச் சேர்த்து நடுவே ஓர் ஓட்டை போட்டு ஒரே கம்பியில் கோத்து, மொத்தமாக அரம் போட்டால் வரும்.

பொருள்களைப் பொறுத்தவரை, இந்தப் பொழுதுபோக்குக்கென்று தனிக் கடை இல்லாத ஊர் என்பது நினைப்பது போல் பெரிய குறையில்லை. பத்தர் கடைக்குச் சாமான் விற்கும் இடத்தில் ஊசி அரமும் சாமணமும் கிடைக்கும். ஜப்பானியப் பெட்டியில் வரும் எந்த இடுக்கியும் நல்ல சாமணத்துக்கு நிகராகாது. மோட்டார் காயில் கட்டும் கடையில் மயிரிழை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை செப்புக் கம்பி எல்லாக் கனத்திலும் உண்டு. பிளக் ஒயர், திராட்டில் கேபிள், ஸ்போக் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். மேலே போட மெல்லிய ஸ்லீவும் அங்கேயே கிடைக்கும். இன்ஜெக்‌ஷன் ஊசியின் எஃகுக் குழாயை அறுத்தால் ஹோஸ் முனைகளுக்கான பூண்கள் தயார். இடுக்கு நிரப்ப எம்-சீல். ஃபெவிக்விக்கை உலோகத்துக்கும் ரப்பருக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்டுவதற்கு இரண்டையும் சற்றே கரைத்துச் சேர்க்கும் பசைதான் வேண்டும், அதை மட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். பெயர்ப் பலகை செய்யும் கடைகளில் அக்ரிலிக் ஒட்டப் பயன்படும் குளோரோஃபார்மை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். அது பாலிஸ்டைரீனையும் கரைக்கும் என்பது உண்மைதான். வீட்டுக்குள், குழந்தைகள் நடமாடும் அறையில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது என்பேன்.

கிட்டில் வரும் குரோம் பாகங்கள் எல்லோரையும் முதலில் மயக்கும், பிறகு ஏமாற்றும். பிளாஸ்டிக்கின்மேல் வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியவைத்துச் செய்த பளபளப்பு அது. நிஜக் குரோமைவிடக் கூடுதலாக மின்னும். சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். இரண்டு பாதி ஒட்டும் சைலன்சரில் கோட்டைத் தேய்த்தால் குரோமும் போய்விடும். ஆகவே முழுவதையும் கழற்றிவிட்டு மீண்டும் பூசுவதே மேல். அலுமினியம் காரத்தில் கரையும் என்பதால் நீர்த்த காஸ்டிக் சோடாவில் கொஞ்ச நேரம் போட்டாலே பூச்சு போய்விடும், கையுறை மட்டும் கட்டாயம். பிறகு பளபளக்கும் கறுப்பு அடித்து, நன்கு காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய உலோகப் பூச்சு. சைலன்சர் வளைவில், எஞ்சினை ஒட்டிய இடத்தில், சூட்டினால் முதலில் வைக்கோல் நிறம், அடுத்து பழுப்பு, ஊதா, நீலம் என்று படிப்படியாக மாறியிருப்பதையும் காட்ட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. நீலம் எஞ்சினுக்குப் பக்கத்தில், வைக்கோல் நிறம் தள்ளி. ஷெட்டில் நிற்கும் எந்தப் பழைய புல்லட்டும் இதைச் சொல்லிக் கொடுக்கும்.

பெயின்ட்டில் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. வங்கக் கடல் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று முழுக்க ஈரம். ஃபெஞ்சல் புயல் வந்த 2024 நவம்பர் இறுதியில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட காலத்தில் லாக்கர் பெயின்ட் அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, டேங்க் மங்கி வெளுத்துவிடும். டிங்கரிங் பட்டறைக்காரர்கள் மழைக்காலத்தில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டரைக் கலப்பது இதற்காகத்தான். மாதிரிக்கும் அதே மருந்து. ஆனால் அவர்களுடைய தின்னரின் வீரியம் பாலிஸ்டைரீனை அரிக்கும். முதல் இரண்டு கை மிக மெல்லிசாக, தொட்டும் தொடாமலும் அடித்து, காய்ந்தபின்தான் மேற்கொண்டு போக வேண்டும். பட்டறையின் மெட்டாலிக் பெயின்ட்டை வாங்கவே வேண்டாம். நிஜ வண்டிக்கு அளவான அந்த உலோகத் துகள் மாதிரியில் ஜிகினாவாகத் தெரியும். கறுப்பு, மெரூன் போன்ற தனி நிறங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. புல்லட்டுக்கு அவைதான் நிறங்கள் என்பது ஓர் அதிர்ஷ்டம்.

நிறம் ஏற்றுமுன் பரப்பைத் தயார் செய்யும் வேலை இந்தப் பக்கத்துக் கைவினைஞர்களுக்குப் புதிதல்ல. விழுப்புரம் மாவட்ட எல்லையை ஒட்டிய புதுச்சேரியின் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. கூழ் காய்ந்த பொம்மைக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்து, தேய்த்து, மறுபடி பூசி, வழவழப்பு வந்தபிறகே நிறத்தைத் தொடுவார்கள். டேங்கின் ஒட்டுக்கோட்டை மறைக்கப் பட்டி பார்த்துத் தேய்ப்பதும் அதே ஒழுங்குதான்.

அழுக்கேற்றுவதைச் சிலர் கடைசி அலங்காரமாக நினைக்கிறார்கள். எனக்கோ அதுதான் ஊர்ப்பெயரை எழுதும் இடம். வானூர், ஆரோவில் பக்கம் ஓடிய வண்டியின் மட்கார்டுக்கு அடியில் செம்மண் ஒட்டியிருக்கும். திருவக்கரை கல் குவாரிப் பக்கம் போய்வரும் வண்டியில் சாம்பல் நிறக் கிரஷர் தூசி. மழையில் ஓடியது என்றால் செயின் கவரின் பின்பக்கம் கறுத்த எண்ணெயும் சேறும் கலந்த கீற்று விழுந்திருக்கும். இதற்கு நிஜ மண்ணை அள்ளிப் போட்டால் கெட்டுவிடும். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மணல்கூட 1/6 அளவில் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருக்கையாகிவிடும். கோலத்துக்குக் கரை கட்ட வாங்கும் காவியை நைசாகச் சலித்தெடுத்தால் போதும், செம்மண் தூசி கிடைத்துவிடும். அதைப் பூசுவதிலும் அடக்கம் வேண்டும். இந்த வண்டியை ஒருவர் துடைத்து வைத்து ஓட்டுகிறார் என்பதும் தெரிய வேண்டும். நம் ஊரில் வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்காதவர் குறைவு. மஞ்சளும் குங்குமமும் ஹெட்லைட்டின் மேல் காய்ந்து நிற்பதை எந்த வெளிநாட்டுக் கிட்டின் குறிப்புத்தாளும் சொல்லாது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். புல்லட் தமிழ்நாட்டு வண்டி. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் அதைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடியபிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. ஒரகடத்தில் பெரிய ஆலை 2013-ல் வந்தது. டேங்கின் தங்கக் கோட்டைக் கையால் தூரிகை பிடித்து வரையும் வழக்கம் அந்த ஆலையின் பெருமை. டிவிஎஸ் 50 பிறந்தது 1980-ல், ஓசூரில். இத்தனை இருந்தும் பெரிய அளவில் ஒரு புல்லட் கிட், ஒட்டிக் கட்டும் பெட்டியாக, கடைகளில் காணக் கிடைப்பதில்லை.

ராயல் என்ஃபீல்டு 2022-ல் ஒரு காரியம் செய்தது. கிளாசிக் 500 வண்டியை 1/3 அளவில் மாதிரியாக விற்றது. 964 பாகங்கள், எட்டரை கிலோ எடை, விலை 67,990 ரூபாய். அந்தப் பணத்தில் அப்போது ஒரு புது எக்ஸ்எல் மொபெட்டையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எடைக்கணக்கு சுவையானது. நிஜ வண்டி ஏறத்தாழ 190 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றில் ஒன்றாகும்போது எடை இருபத்தேழில் ஒன்றாக, ஏழு கிலோவாக வர வேண்டும். மாதிரி அதைவிடக் கனம். ஆகவே கணிசமாக உலோகம் போட்டிருக்கிறார்கள், கஞ்சத்தனம் இல்லை. கைவேலையிலும் குறை சொல்ல இடமில்லை. என் வருத்தம் வேறு. 964 பாகங்களையும் அவர்களே கோத்து முடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். வாங்குபவர் செய்ய வேண்டியது வரவேற்பறையில் இடம் ஒதுக்குவது மட்டும். அதையே பிரித்த பாகங்களாகக் கொடுத்திருந்தால், ஒரு பள்ளி மாணவன் கிளட்ச் கேபிளை மாட்டும்போது கிளட்ச் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டிருப்பான்.

வெளிநாட்டுக் கிட்டும் சுலபமாக வருவதில்லை. சுங்க அட்டவணையில் அளவு மாதிரிகள் பொம்மைகளோடு 9503 என்ற ஒரே தலைப்பில் இருக்கின்றன. மலிவான இறக்குமதிப் பொம்மைகளிலிருந்து உள்நாட்டுத் தொழிலைக் காக்க 2020-ல் அந்தத் தலைப்புக்கான அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. நோக்கம் நியாயமானதுதான். பொம்மைத் தொழிலுக்கு அதனால் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கலாம். ஆனால் உள்நாட்டில் யாருமே செய்யாத பண்டத்துக்கும் அதே வேலி போட்டால் எந்தத் தொழிலைக் காக்கிறோம்? ஜப்பானில் நடுத்தரச் சம்பளக்காரர் வாங்கும் 1/6 பெட்டி இங்கே ஆடம்பரப் பொருளாகிவிடுகிறது.

செய்ய முடியாததா என்றால், இல்லை. எஃகு அச்சு செதுக்கும் டூல் ரூம்கள் ஓசூரிலும் அம்பத்தூரிலும் கோவையிலும் கார் பாகங்களுக்காக நாள் முழுவதும் ஓடுகின்றன. எம்ஆர்எஃப் குழுமத்தின் பொம்மை நிறுவனமான ஃபன்ஸ்கூலுக்கு ராணிப்பேட்டையில் ஆலை இருக்கிறது. போல்ட்டும் நட்டும் முடுக்கிப் பழக 'மெக்கானிக்ஸ்' பெட்டிகளோடு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தடை பணக்கணக்கில்தான். மோட்டார் சைக்கிள் கிட்டுக்கு அச்சு பல வேண்டும், சட்டங்கள் பல வேண்டும், போட்ட பணம் திரும்ப ஆயிரக்கணக்கில் பெட்டிகள் போக வேண்டும். முதல் ஐநூறுக்கு அச்சே வேண்டாம் என்பது என் யோசனை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர் குழு ஒன்று ஷெட்டில் பிரித்த வண்டியை அளந்து வரைந்தால், முப்பரிமாண அச்சில் ரெசின் பாகங்களை எடுத்து, டயரை மட்டும் ரப்பரில் வார்க்கலாம். விற்பதற்கு நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கற்பதற்கு வேண்டியதில்லை.

எந்தப் புல்லட் என்பதில்தான் சண்டை வரும். ஒரே பெட்டியில் இரண்டு வண்டி கட்டும்படி பாகங்கள் தருவது கிட் உலகில் வழக்கம். டீசலில் ஓடி ஊரையே புகையாக்கிய டாரஸ் எஞ்சினையும் இரண்டாவதாகப் போடச் சொல்லி ஒரு கூட்டம் நிற்கும், நானும் அதில் ஒருவன். முதல் எஞ்சின் மட்டும் பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும். 2009-க்குப் பிறகு வந்த ஒற்றை உறை எஞ்சின் நல்ல எஞ்சின், கசியாதது. ஆனால் மாதிரிக்கு அது வழவழவென்ற ஒரே கட்டி. பழையதில் கியர்பாக்ஸ் தனியே தெரியும், நியூட்ரல் தேடும் சின்ன லீவர் தனியே இருக்கும். ஹெட்லைட் உறையின் இரு பக்கமும் புலிக்கண் என்ற குட்டி விளக்குகள் உண்டு. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முன்னும் பின்னும் டிரம் பிரேக். செயின் கேஸின் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் எப்போதும் தொங்கும், அதைத் தெளிவான எப்பாக்ஸியில் கொஞ்சம் பழுப்புச் சாயம் கலந்து ஊசி நுனியால் வைக்க வேண்டும். அதற்கு அச்சு தேவையில்லை.